ஸ்லரி லைனுக்கு எந்த பழைய ஃபார்முலா, எந்த மெட்டல்? 1950கள் ஆராய்ச்சியை வச்சு ஒரு ஒப்பீடு

மணலோ தாதுப்பொடியோ நிலக்கரித்தூளோ, தண்ணில கலந்து (அந்தக் கலவைதான் ஸ்லரி) பைப்ல அனுப்பணும்னு வந்துட்டா ரெண்டு முடிவு எடுத்தே ஆகணும். என்ன வேகத்துல ஓட்டுறது, அதுக்கு எவ்ளோ பிரஷர் ஆகும்ங்கிறது ஒண்ணு. பைப்பு, பெண்டு, பம்ப்பு இதெல்லாம் எந்த மெட்டல்ல இருக்கணும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்குமே நாம இன்னிக்கு வச்சிருக்குற அடிப்படை சமன்பாடுங்க பெரும்பாலும் 1945லேருந்து 1965க்குள்ள வந்ததுதான், புது சாஃப்ட்வேரைத் தோண்டிப் பாத்தாலும் அடியில அதே ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க. சாஃப்ட்வேர்ல டிராப்டவுன் மெனு ஒண்ணு வரும், ட்யூராண்ட், நியூவிட், பிங்காம், வாஸ்ப்னு பேர் வரிசையா நிக்கும், எதை எப்போ தேர்வு பண்ணணும்னு மட்டும் யாரும் சொல்லித்தர்றதில்ல. மெட்டல் பக்கம் வந்தா "ஹார்ட்னஸ் அதிகமா இருக்குறதைப் போடு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

என் கட்சி இதுதான்: ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் பின்னாடி ஒரு லேப் இருக்கு, அந்த லேப்ல ஒரு குறிப்பிட்ட பைப்பும் ஒரு குறிப்பிட்ட மணலும் ஓடியிருக்கு, நம்ம ஸ்லரி அதுக்கு எவ்ளோ கிட்ட இருக்குன்னு பாத்துதான் எடுக்கணும். அதோட ஃப்ளோ முடிவையும் மெட்டல் முடிவையும் தனித்தனி ஆள்கிட்ட குடுத்துட்டு கடைசியில ஒட்ட வைக்கவே கூடாது, ஏன்னு கீழ எண்ணோட சொல்றேன்.

முதல்ல ட்யூராண்ட். பிரான்ஸ்ல க்ரெனோபிள்ல ட்யூராண்டும் காண்டோலியோஸும் சேர்ந்து பண்ணின வேலை, 1952ல வெளிவந்துச்சு. இதோட பெரிய பலம் பைப் சைஸ்தான். சின்ன லேப் பைப்போட நிக்காம அரை மீட்டருக்கு மேல டயா உள்ள பைப் வரைக்கும் மணலும் ஜல்லியும் ஓட்டிப் பாத்தாங்க, அந்தக் காலத்துல அவ்ளோ பெரிய லூப் (சுத்திச் சுத்தி ஓடுற டெஸ்ட் பைப்) கட்டி ஓட்டுறதுங்கிறது சாதாரண வேலை இல்ல. வெறும் தண்ணி ஓடுனா ஆகுற ஹெட் லாஸை (வழியில உரசல்ல குறையுற பிரஷர்) விட ஸ்லரி ஓடுறப்ப எவ்ளோ கூடுதுன்னு ஒரு விகிதமா எழுதி, அது வேகத்தோட கனத்துக்கு, அதாவது மூணாம் அடுக்குக்கு, எதிர்மாறா குறையுதுன்னு காட்டுனாங்க. கூடவே படிவு வேகத்துக்கும் ஒரு விதி குடுத்தாங்க, அதாவது எந்த வேகத்துக்குக் கீழ போனா பைப் அடியில மணல் உக்கார ஆரம்பிக்கும்ங்கிற எல்லை. கரடுமுரடு மணலுக்கு அந்த விதியில வர்ற கெழு சுமார் 1.34ல போய் நிக்கும். 300 மிமீ பைப்ல சாதா குவார்ட்ஸ் மணலுக்குப் போட்டா வினாடிக்கு 4.2 மீட்டர் பக்கம் வரும், அதே மணல் 100 மிமீ பைப்ல 2.4 மீட்டர்லயே தப்பிச்சிடும். டயாவோட வர்க்கமூலத்துல ஏறுறதால, பெரிய பைப் போட்டா வேகம் குறைச்சலா போதும்னு நினைக்கிறவங்களுக்கு இந்த ஒரு எண்ணைக் காட்டினாலே போதும்.

ட்யூராண்டோட பலவீனம், அந்த டேட்டாவுல பெரும்பாலும் ஒரே சைஸ் மணல்தான், அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 2.65. இரும்புத்தாது மாதிரி கனமான பொருளுக்கோ நிலக்கரி மாதிரி லேசான பொருளுக்கோ இதை நீட்டணும்னா அடர்த்தி வித்தியாசத்தை சமன்பாட்டுக்குள்ள சேர்க்கணும், அப்படி சேர்த்த வடிவத்துல முன்னாடி வர்ற எண் 81லேருந்து 85க்குள்ள இருக்கும், சேர்க்காத வடிவத்துல 180. ஒரு புத்தகத்துலேருந்து வடிவத்தையும் இன்னொரு புத்தகத்துலேருந்து எண்ணையும் எடுத்துட்டா பதில் ரெண்டு மடங்குக்கு மேல தப்பிடும், பாக்குறதுக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும். யாராவது ட்யூராண்ட்ல கணக்கு போட்டுக் குடுத்தா நான் முதல்ல பாக்குறது அந்த எண்ணுக்குப் பக்கத்துல அடர்த்தி உறுப்பு இருக்கா இல்லையான்னுதான்.

நியூவிட் இதுக்கு நேர் எதிர். லண்டன் இம்பீரியல் காலேஜ்ல நியூவிட், ரிச்சர்ட்சன், அபாட், டர்டில் நாலு பேரும் 1955ல வெளியிட்டது. பைப் ஒரு அங்குலம், அவ்ளோதான். ஆனா அந்த ஒரு அங்குல பைப்ல என்னென்ன ஓட்டுனாங்கன்னு பாருங்க, பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக், நிலக்கரி, மணல், ஜல்லி, மாங்கனீஸ் டைஆக்ஸைடுன்னு லேசானதுலேருந்து கனமானது வரைக்கும். அடர்த்தியோட விளைவு என்னன்னு கேட்டா நியூவிட்டை நம்பலாம், டயாவோட விளைவு என்னன்னு கேட்டா ட்யூராண்டை நம்பலாம். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அச்சை ஆராய்ஞ்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கிட்டாலே பாதி குழப்பம் தீந்துடும்.

நியூவிட்கிட்ட எனக்கு ரொம்ப பிடிச்சது பிரஷர் டிராப் ஃபார்முலா கூட இல்ல, அந்த எல்லைக்கோடுகள்தான். துகள் தண்ணில கீழ விழுற வேகத்தை எடுத்து 17ஆல பெருக்கினா வர்ற வேகத்துக்குக் கீழ துகள் பைப் அடியில சறுக்கிக்கிட்டேதான் போகும், மேல போனா தண்ணிக்குள்ள மிதக்க ஆரம்பிக்கும். இன்னும் மேல ஒரு கோடு இருக்கு, 1800, புவியீர்ப்பு முடுக்கம், டயா, விழுற வேகம் நாலையும் பெருக்கி கனமூலம் எடுத்தா வர்றது, அதைத் தாண்டிட்டா ஸ்லரி ஒரே சீரான திரவம் மாதிரி நடந்துக்கும். அரை மிமீ மணல் வினாடிக்கு சுமார் 65 மிமீ விழும்னு வச்சுக்கிட்டா, 300 மிமீ பைப்ல முதல் கோடு 1.1 மீட்டர், ரெண்டாவது கோடு 7 மீட்டர். நடைமுறை வேகம் எல்லாம் நடுவுல வந்துடுது, அதனால மிதந்தும் படிஞ்சும் போற கலப்பு நிலைன்னு உடனே தெரிஞ்சுடும். வினாடிக்கு 2 மிமீ விழுற மெல்லிய வண்டலுக்கு ரெண்டாவது கோடு 2.2 மீட்டருக்கே இறங்கிடும், அதுக்கு ட்யூராண்டை எடுக்கறதே தப்பு. 10 மிமீ ஜல்லி வினாடிக்கு அரை மீட்டர் பக்கம் விழும், 17ஆல பெருக்கினா 8 மீட்டருக்கு மேல போயிடும், அப்போ எந்த நியாயமான வேகத்துலயும் அது சறுக்குற படுகைதான், அதுக்கு வேற கணக்கு. விழுற வேகத்தை வச்சு ரெண்டு நிமிஷத்துல பண்ற வேலை இது, இதைப் பண்ணாம மெனுவுக்குள்ள போகவே கூடாது.

சரி, கலப்பு நிலைதான்னு தெரிஞ்சுபோச்சு, ட்யூராண்டா நியூவிட்டா? அதே அரை மிமீ மணல், 300 மிமீ பைப், கொள்ளளவுல 15 சதம், வேகம் 4.5 மீட்டர்னு ரெண்டையும் போட்டுப் பாத்தேன். ட்யூராண்ட் சொல்றது, தண்ணி மட்டும் ஓடுறதை விட 71 சதம் கூடுதல் ஹெட் லாஸ். நியூவிட் சொல்றது 57 சதம். சீரான திரவம்னு கண்ணை மூடிக்கிட்டு அடர்த்தியை மட்டும் ஏத்தியிருந்தா 25 சதம்தான் வந்திருக்கும். முதல் ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் பெருசா தெரியல, ஆனா அதை வச்சு எதை வேணும்னாலும் எடுக்கலாம்னு முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு ஃபார்முலாவுலயும் வேகத்தோட பங்கு ஒரே மாதிரிதான், கனத்துக்கு எதிர்மாறு, அதனால வேகத்தை மாத்தினா ரெண்டு பதிலுக்கும் நடுவுல உள்ள விகிதம் மாறாது. டயாவோட பங்கு மட்டும் வேற: கூடுதல் விகிதம் ட்யூராண்ட்ல டயாவோட ஒண்ணரை அடுக்குல ஏறும், நியூவிட்ல நேர் விகிதம். அதனால இந்த மணலுக்கு ரெண்டும் சுமார் 200 மிமீ பைப்ல ஒண்ணா வந்து சேருது, 600 மிமீக்குப் போனா ட்யூராண்ட் சொல்ற கூடுதல் நியூவிட் சொல்றதை விட முக்கால் பங்கு அதிகம், ஒரு அங்குலத்துக்கு இறங்கினா அப்படியே தலைகீழாகி நியூவிட்தான் கிட்டத்தட்ட மூணு மடங்கு சொல்லும்.

ஒவ்வொருத்தர் ஃபார்முலாவையும் அவங்கவங்க பைப் சைஸுக்குள்ளயே வச்சுக்கணும்னு இதுலேருந்து தெரியுது. பெரிய லைனுக்கு கூழாங்கல், கரடு மணல், ஒரே சைஸ்னா நான் ட்யூராண்டைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். பைலட் பிளாண்ட்ல (சின்ன சோதனை ஆலை) ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் லைனுக்கு, அதுவும் பொருளோட அடர்த்தி மணல்லேருந்து விலகியிருந்தா, நியூவிட். பைலட்ல அளந்ததை நியூவிட் மூலமா பெரிய பைப்புக்கு நீட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம், பம்ப் சின்னதா போயிடும்.

இப்போ மெல்லிய துகள், கெட்டி ஸ்லரி. இங்க கேள்வியே மாறிடுது. துகள் கீழ விழுறதே கணக்குல இல்ல, கலவை மொத்தமும் ஒரு பிசுபிசு திரவம் மாதிரி, ஒரு குறைஞ்சபட்ச அழுத்தம் குடுத்தாத்தான் நகரவே ஆரம்பிக்கும். இதுக்கு பிங்காம் மாடல், பைப் ஓட்டத்துக்கு 1921லயே பக்கிங்ஹாம் சமன்பாடு எழுதிட்டார், 1952ல ஹெட்ஸ்ட்ராம் அதை இன்ஜினியருக்கு ஏத்த சார்ட்டா மாத்தினார், இன்னிக்கும் ஹெட்ஸ்ட்ராம் எண்ணுன்னுதான் பேர். 1955ல மெட்ஸ்னரும் ரீடும் இன்னொரு வழி குடுத்தாங்க, நகர ஆரம்பிக்க வேணுங்கிற அந்த அழுத்தத்தைக் கண்டுக்காம, அளந்த வளைவையே அடுக்கு விதியா வச்சுக்கிட்டு ஒரு பொது ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டம் அமைதியா கொந்தளிப்பான்னு சொல்ற எண்) போட்டாங்க. நான் எதை எடுப்பேன்னா, லைனை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டிய வேலைன்னா பிங்காம்தான், ஏன்னா ஸ்டார்ட் ஆகுறதுக்கு எவ்ளோ பிரஷர்னு அதுதான் சொல்லும். அடுக்கு விதி சும்மா நிக்கிற ஸ்லரிக்கு சுழியம்னு சொல்லிடும், அதை நம்பி பம்ப் வாங்கிட்டா நிறுத்தினது நிறுத்தினதுதான். மத்தபடி தொடர்ந்து ஓடுற லைனுக்கு, அளவெடுத்த வேக வரம்புக்குள்ளயே ஓட்டுறதா இருந்தா, மெட்ஸ்னர் ரீட் வழி சுத்தமாவே வேலை செய்யும்.

நிஜத்துல வர்ற ஸ்லரி பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கும், அரைச்ச பொருள்ல பவுடரும் இருக்கும் குருணையும் இருக்கும். அதுக்குத்தான் எட்வர்ட் வாஸ்ப்ங்கிற இன்ஜினியரோட வழி. அமெரிக்காவுல ஒஹாயோ நிலக்கரி பைப்லைன் 1957ல ஓட ஆரம்பிச்சுது, 10 அங்குல பைப், 108 மைல், அந்த வேலையிலேருந்து வளந்த யோசனை இது: மெல்லிய பகுதி எல்லாம் சேர்ந்து சுமக்குற திரவம், கரடு பகுதி அதுக்குள்ள மிதக்குற சரக்கு, ரெண்டுக்கும் தனித்தனியா நஷ்டம் போட்டுக் கூட்டு. பைப்போட உச்சிப் பக்கம் உள்ள அடர்வை நடுவுல உள்ள அடர்வால வகுத்து, 0.8க்கு மேலன்னா சீரானது, 0.1க்குக் கீழன்னா அடியில குதிச்சுக் குதிச்சுப் போறதுன்னு பிரிப்பாங்க. ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா திரும்பத் திரும்பப் போடணும், கையில போட்டா உயிர் போயிடும், ஆனா பல சைஸ் கலந்த ஸ்லரிக்கு இதை விட நேர்மையான வழி அந்தக் காலத்துல வரல. (ஒஹாயோ லைன் 1963ல நின்னது டெக்னிக்கலா தோத்ததால இல்ல, ரயில் கம்பெனிங்க கட்டணத்தைக் குறைச்சதால.) 1970ல வந்த பிளாக் மெசா லைன் அதே வழியில வந்தது, 273 மைல், 2005 கடைசி வரைக்கும் ஓடுச்சு. அவ்ளோ வருஷம் பைப் தாங்கினதுக்கு ஒரு முக்கிய காரணம், நிலக்கரியை நல்லா அரைச்சு வினாடிக்கு ரெண்டு மீட்டருக்குள்ளயே ஓட்டினது.

மெட்டலோட விதி அந்த வேகத்துலதான் இருக்கு. இயன் ஃபின்னி 1960ல மெட்டல் மேல துகள் மோதி அரிக்கிறதைப் பத்தி எழுதினப்போ, அரிப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்னு கோட்பாடு குடுத்தார், அளந்து பாத்தா அடுக்கு ரெண்டுலேருந்து மூணுக்குள்ள வருது. இப்போ ஃப்ளோ பாக்குறவர் 4.2 மீட்டர் படிவு வேகத்துக்கு மேல பாதுகாப்புக்குன்னு 20 சதம் சேர்த்து 5 மீட்டர்னு எழுதிடுறார். அவர் பக்கம் எல்லாம் பத்திரம். ஆனா சுவர் தேய்மானம் வர்க்கத்துல போனா 40 சதத்துக்கு மேல ஏறும், கனத்துல போனா 70 சதத்தைத் தாண்டும். ஒரு பக்கம் எழுதுற மார்ஜின் இன்னொரு பக்கம் ஆயுசுலேருந்து போகுது. இதனாலதான் ரெண்டு முடிவும் ஒரே டேபிள்ல உக்காந்து எடுக்கணும்ங்கிறேன். படிவு வேகம் சரியா தெரியலன்னா மார்ஜினை ஏத்தாதீங்க, அளந்து பாத்து மார்ஜினைக் குறைங்க.

மெட்டல்ல முதல் போட்டி, கடினமா டஃப்பா (அடி வாங்கினாலும் உடையாததா). ஃபின்னி காட்டின இன்னொரு விஷயம் இங்க தீர்ப்பே சொல்லிடுது: இளகுற மெட்டல், அதாவது சாதா ஸ்டீல் மாதிரி, துகள் சாய்வா 15லேருந்து 20 டிகிரியில உரசும்போதுதான் அதிகமா செதுக்கப்படும். நொறுங்குற வகை பொருளுக்கு நேரா 90 டிகிரியில அடிச்சாத்தான் சேதம் உச்சம். ஃபின்னி கோட்பாடு மட்டும் வச்சா இளகுற மெட்டலுக்கு நேர் மோதல்ல சேதமே இல்லன்னு வந்துடும், அது உண்மை இல்ல, பிட்டர் 1963ல திரும்பத் திரும்ப அடி வாங்கி மேற்பரப்பு கெட்டுப் பெயர்றதையும் சேர்த்துக் கணக்கு குடுத்து அந்த ஓட்டையை அடைச்சார். ஆக ஒரே லைன்ல இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறும். நேர் பைப்ல துகள் தாழ்ந்த கோணத்துல உரசிக்கிட்டுப் போகுது, பம்ப் இம்பெல்லர்லயும் (உள்ள சுத்துற சக்கரம்) அகலமான வளைவுலயும் கூட சாய்வு மோதல்தான் அதிகம், அங்க கடின வெள்ளை வார்ப்பிரும்பு நல்லா நிக்கும். சடக்குனு திரும்புற டீ ஜாயின்ட்ல சுவரு நேரா அடி வாங்கும், அங்க பெரிய கல்லு வர்ற ஸ்லரின்னா நொறுங்குற மெட்டலைப் போடாதீங்க, டஃப் ஸ்டீலை தடிமனா போடுங்க, மெல்லிய மணல்னா ரப்பர் லைனிங் கூட நல்லா தாங்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், ஃபின்னி வேலை பெரும்பாலும் வாயுவுல பறக்குற துகளை மனசுல வச்சு வந்தது, ஸ்லரில தண்ணி மெத்தை மாதிரி தடுத்து சின்னத் துகளோட மோதலைக் குறைச்சிடும், அதனால கோணத்தோட போக்கை எடுத்துக்கலாம், தேய்மான அளவை அப்படியே எடுக்கக்கூடாது.

"ஹார்ட்னஸ் ஏத்தினா தேய்மானம் குறையும்"ங்கிறதுக்கு சோவியத் ரஷ்யாவுல குருஷ்சோவ் பண்ணின வேலையைப் பாக்கணும் (மெட்டல் ஆராய்ச்சியாளர், அரசியல்வாதி இல்ல). சுத்த மெட்டல்களை எடுத்து உரசித் தேய்ச்சா, தேய்மானத் தாங்குதிறன் ஹார்ட்னஸுக்கு நேர் விகிதம்னு காட்டினார். அதே ஆள்தான் ஸ்டீலை வெப்பச் சிகிச்சை பண்ணி ஹார்ட்னஸ் ஏத்தினா அந்த அளவுக்குப் பலன் வராது, கோட்டோட சரிவு குறைஞ்சுடும்னும், குளிர் நிலையில அடிச்சு இழுத்து ஹார்ட்னஸ் ஏத்தினா உரசல் தேய்மானத்துல பலன் வரலன்னும் காட்டினார். காரணம் யோசிச்சா புரியும், துகள் உரசும்போதே மேற்பரப்பு எப்படியும் முழுசா கடினமாயிடுது, நீங்க முன்னாடியே பண்ணி வச்சது கணக்குல வராது. அதனால குளிர் வேலை பண்ணி ஹார்ட்னஸ் ஏத்தின பைப்புக்கு தேய்மானத்துக்காக கூடுதல் காசு குடுக்காதீங்க. இன்னொண்ணு, குவார்ட்ஸ் மணலோட ஹார்ட்னஸ் விக்கர்ஸ்ங்கிற அளவுகோல்ல 1000க்கு மேல, சாதா ஸ்டீல் 150 பக்கம். 150லேருந்து 300க்கு ஏத்தினாலும் மணல் இன்னும் ரொம்ப மேலதான் இருக்கு, மெட்டலோட கடினம் துகளோட கடினத்தைக் கிட்டத்தட்ட எட்டினாத்தான் தேய்மானம் சடார்னு விழும். வெள்ளை வார்ப்பிரும்புக்குள்ள இருக்குற குரோமியம் கார்பைடு அந்த எல்லையைத் தாண்டிடுது, அதனாலதான் அது வேலை செய்யுது. நிலக்கரி மாதிரி மென்மையான பொருளுக்கு இவ்ளோ செலவே வேண்டாம்.

பலத்துக்கு வருவோம். 300 மிமீ பைப், 10 மிமீ சுவர், 60 பார் பிரஷர்னா சுவர்ல 90 மெகாபாஸ்கல். தேய்ஞ்சு 5 மிமீ ஆயிட்டா 180. சாதா ஸ்டீலோட யீல்டு (நிரந்தரமா நெளிய ஆரம்பிக்கிற அழுத்தம்) 250 பக்கம், அதனால இன்னும் தாங்குதுன்னு தோணும். யீல்டை மட்டும் வச்சு முடிவு பண்றது எங்க மோசம் போகும்னு 1940கள்லயே தெரிஞ்சுபோச்சு. 1943 ஜனவரியில அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ல ஷெனெக்டடிங்கிற டேங்கர் கப்பல் துறையில சும்மா நின்ன இடத்துலயே ரெண்டா பொளந்துச்சு, புயல் இல்ல, சரக்கு இல்ல. கேம்பிரிட்ஜ்ல கான்ஸ்டன்ஸ் டிப்பர் இந்த மாதிரி உடைஞ்ச கப்பல் ஸ்டீலை ஆராய்ஞ்சு, குளிர்ல அந்த ஸ்டீலே கண்ணாடி மாதிரி நொறுங்குற நிலைக்கு மாறிடுதுன்னு காட்டினாங்க, வெல்டிங் மட்டும் குற்றவாளி இல்லன்னு. உடைஞ்ச பிளேட்டுகளை சார்பி டெஸ்ட் (வெட்டுப் போட்ட துண்டை சுத்தியலால அடிச்சு உடைக்க எவ்ளோ ஆற்றல் ஆகுதுன்னு பாக்குறது) பண்ணிப் பாத்துதான் 15 ஃபுட்-பவுண்ட், அதாவது சுமார் 20 ஜூல்ங்கிற வரம்பு பழக்கத்துக்கு வந்துச்சு. 1957ல இர்வின் விரிசல் நீளத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து ஒரு எண்ணா எழுதினார், தேய்ஞ்ச பள்ளம், வெல்டு பக்கத்து கீறல்னு உள்ள பைப்புக்கு அதுதான் சரியான மொழி.

எதை எடுக்குறது? குளிர் படாத இடம், பிரஷர் கம்மி, சுவர் தடிமன் போதும்னா யீல்டு போதும், கூடவே சார்பி வரம்பைக் கேட்டு வாங்கிடுங்க, அதுக்கு மேல செலவு வேண்டாம். குளிர் வர்ற இடத்துல உயர் பிரஷர் லைன்னா இர்வின் கணக்கு கட்டாயம். யீல்டு ஏத்தணும்னா கார்பனை ஏத்தி வாங்காதீங்க, ஹால் 1951லயும் பெட்ச் 1953லயும் காட்டின மாதிரி ஸ்டீலுக்குள்ள இருக்குற படிகத் துகள்களை நுண்ணியதா ஆக்கினா பலம் ஏறும், டஃப்னஸும் கூடவே ஏறும். கார்பன் ஒண்ணைக் குடுத்து ஒண்ணை எடுத்துக்கும், வெல்டிங்கையும் கெடுக்கும்.

பிஸ்டன் பம்ப் வச்சா ஃபடீக் (திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்கி மெட்டல் சோர்ந்து உடையுறது) வேற சேர்ந்துடும். மூணு சிலிண்டர் பம்ப் நிமிஷத்துக்கு 60 சுத்து சுத்துனா 180 துடிப்பு, வருஷத்துக்கு ஒம்போது கோடிக்கு மேல. 1945ல மைனர் குடுத்த கூட்டல் விதி, ஒவ்வொரு அழுத்த அளவுலயும் செலவான ஆயுசைக் கூட்டி ஒண்ணு வந்தா உடையும்ங்கிறது, எளிமையானது, ஆனா நிஜத்துல பாதிக் கூட்டல்லயே உடையுறதும் உண்டு, ரெண்டு மடங்கு வரை நிக்கிறதும் உண்டு. ஸ்லரில அரிப்புக் குழி விழுந்துக்கிட்டே இருக்குறதால, "இந்த அழுத்தத்துக்குக் கீழ ஸ்டீல் எத்தனை தடவைன்னாலும் தாங்கும்"ங்கிற பாடப்புத்தக எல்லையை இங்க நம்ப முடியாது. மைனரைப் போட்டுப் பாருங்க, ஒண்ணுக்கு பதிலா 0.3லயே நிறுத்துங்க, துடிப்பைக் குறைக்கிற டாம்பனர் போடுறது எந்த ஸ்பெஷல் ஸ்டீலை விடவும் நல்ல செலவு.

தேய்மானம் பைப் முழுக்க சமமா வராது, கரடு ஸ்லரின்னா அடிப்பக்கம்தான் போகும். அதனால நேர் பைப்புக்கு சாதா ஸ்டீலையே எடுத்து, ஃபிளாஞ்ச் வச்சு இணைச்சு, அப்பப்போ 120 டிகிரி திருப்பி வைக்கிறதுதான் என் தேர்வு, சுவர் தடிமனை அல்ட்ராசோனிக்ல அடிப்பக்கம் பாத்துக்கிட்டே வரணும். வெள்ளை வார்ப்பிரும்பை பம்ப்புக்கும் வளைவுக்கும் மட்டும் வச்சுக்கணும்.

இவ்ளோத்துக்கும் பிறகு ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் காசு இருக்குன்னா, உங்க சொந்த ஸ்லரியை 150லேருந்து 200 மிமீ லூப்ல ஓட்டுங்க, ட்யூராண்டும் நியூவிட்டும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப விலகாத சைஸ் அது, மேல நீட்டினாலும் கீழ இறக்கினாலும் தப்பு கொஞ்சமாத்தான் வரும். அதே லூப்புக்குள்ள எடை போட்ட மெட்டல் துண்டுகளை, ஒண்ணு ஓட்டத்துக்குச் சாய்வா, ஒண்ணு நேரா மாட்டி வைங்க. ரெண்டு வேகத்துலயாவது ஓட்டணும், அப்போதான் தேய்மான அடுக்கு உங்க ஸ்லரிக்கு ரெண்டா மூணான்னு கைல கிடைக்கும், படிவு வேகத்துக்கு மேல எவ்ளோ மார்ஜின் வைக்கலாம்ங்கிறதை அந்த எண்ணை வச்சே முடிவு பண்ணிடலாம்.